பாதி முகம், பன்னிரண்டு வாரம்

மதிப்பும் மரியாதையும் மிக்க அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் பயந்துகொண்டே எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவின் வலது கையைத் தவிர மற்ற அனைவரும் சுகம். அந்தக் கையும் முன்பைவிடச் சுகம்தான். எவ்வளவு சுகம் என்பதில்தான் சிக்கல், அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீங்களும் மாமாவும் உங்கள் முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று விரிவாக விசாரிப்பதுதான் முறை. விசாரித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், அத்தை. அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து வருவதற்குள் நான் முடித்தாக வேண்டும். வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்க மேசை விளக்கின் மேல் என் பள்ளிச் சட்டையைப் போர்த்தியிருக்கிறேன். அதிலிருந்து லேசாகக் கருகல் வாசனை வருகிறது. அதற்கு வேறு தனியாகப் பயமாக இருக்கிறது.

நீங்கள் நீதிமன்றத்தில் தட்டச்சு செய்கிறவர். ஊரில் நடக்கிற குற்றமெல்லாம் உங்கள் விரல் வழியாகத்தான் போகிறது. அதனால் உங்களைத் தவிர வேறு யாரிடம் கேட்பது? அரசாங்க மருத்துவக் காப்பீட்டை ஏமாற்றிய எட்டாம் வகுப்பு மாணவிக்கு எத்தனை வருடம் கிடைக்கும்? காலாண்டுத் தேர்வை உள்ளே உட்கார்ந்து எழுத விடுவார்களா? குற்றவாளி தானாகவே வந்து ஒப்புக்கொண்டால் எவ்வளவு குறைப்பார்கள்? இது வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும், ஆனால் அவரும் உடந்தை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. நீங்கள் வந்து பார்த்தபோது அவர் வாயில் மூன்றே வாக்கியங்கள்தான் மிச்சம் இருந்தன, நினைவிருக்கிறதா? மூன்றும் சலூனில் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போனவை. "தலையக் குனிங்க." "ஆடாதீங்க." "அடுத்த ஆளு." டாக்டர் நாடி பிடித்தால் "ஆடாதீங்க" என்பார். சோறு வேண்டுமா என்று கேட்டால் "தலையக் குனிங்க" என்பார். அம்மா கட்டில் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டால் "அடுத்த ஆளு" என்பார், அம்மா இன்னும் அதிகமாக அழுவார். அப்போது காப்பீடு பழைய காப்பீடாக இருந்தது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம், தெரபிஸ்ட் அக்கா அப்பாவின் எதிரில் உட்கார்ந்து, கடைசி வரிசையில் தூங்குகிற பிள்ளைகளை எழுப்புகிற மாதிரி அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக எழுப்புவார். சுண்டுவிரல் மட்டும் ரொம்பச் சோம்பேறி. அதுவும் ஒரு நாள் எழுந்துவிட்டது. அப்பா நன்றாகத் தேறிக்கொண்டு வந்தார். அந்த நேரம் பார்த்துச் சீர்திருத்தம் வந்தது.

மருத்துவமனைச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். தலைப்பு 'உங்கள் மறுவாழ்வு இனி எளிது'. எளிது என்றால் வாரத்துக்கு ஒரே நாள், இருபதே நிமிடம், அதுவும் ஒரே அறையில் மூன்று பேருக்குச் சேர்த்து. தெரபிஸ்ட் அக்கா சட்டைப் பையில் ஒரு சின்ன அலாரக் கடிகாரத்தைப் போட்டுக்கொண்டு மூன்று நாற்காலிகளுக்கு நடுவில் பம்பரமாகச் சுற்றுவார். அப்பாவின் கட்டைவிரல் முக்கி முனகி ஆள்காட்டி விரலைத் தொடப் போகும், அந்த நேரத்தில் மணி அடிக்கும், விரல் பாதி வழியிலேயே நின்று அடுத்த புதன்கிழமைக்காகக் காத்திருக்கும். அம்மாவுக்குப் பிஸ்கட் கம்பெனியில் தினமும் மாலை வேலை என்பதால் நான்தான் விளையாட்டுப் பாடவேளையை விட்டுவிட்டு அப்பாவை அழைத்துப் போவேன். அதில் எனக்கு வருத்தமில்லை. பந்து என்றாலே எனக்குப் பயம்.

அங்கே நடைபாதையில் முழங்கால் மாமா என்று ஒருவர் இருப்பார். உண்மையான பெயர் தெரியாது, எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவருக்குக் காப்பீட்டில் சிகிச்சை நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனாலும் புதன்கிழமை தவறாமல் வந்து, அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே என்ன செய்கிறார்கள் என்று பார்த்து அதையே தானும் செய்வார். ஒரு நாள் உள்ளே மூன்று பேருக்குமே கைப்பயிற்சி. முழங்கால் மாமாவும் இருபது நிமிடம் சிரத்தையாகக் கையை மடக்கி நீட்டிவிட்டு, "முழங்கால் தேவலாம் போல இருக்கு"ன்னு சொல்லிவிட்டுப் போனார்.

புதிய முறையில் ஒரு படிவம் உண்டு. 'செயல் இலக்கு, நோயாளியின் சொந்தச் சொற்களில்' என்று அதில் ஒரு கட்டம். சும்மா கை நன்றாக வேண்டும் என்று எழுதக் கூடாதாம். என்ன வேலை செய்ய வேண்டும் என்று எழுத வேண்டும், எட்டாவது வாரம் மதிப்பீட்டு அலுவலர் வந்து அந்த வேலையைச் செய்துகாட்டச் சொல்வார். அம்மா அதை என்னிடம் நீட்டி, "நீதான் நல்லா எழுதுவியே, நீயே எழுதிடு"ன்னு சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். மற்றவர்கள் 'சட்டைப் பொத்தான் போடுதல்', 'டம்ளர் தூக்குதல்' என்று எழுதியிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் நேர்மையாக அப்பாவிடமே கேட்டேன். "அப்பா, உங்க கையால என்ன செய்யணும்?" அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, தெளிவாக, ஒரு திக்கல் இல்லாமல், "அடுத்த ஆளு" என்றார். நான் 'சலூனில் அடுத்த ஆளுக்கு முகச்சவரம் செய்தல்' என்று எழுதி, எப்போதும் போல அழகான கையெழுத்தில் அடிக்கோடும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

தெரபிஸ்ட் அக்கா அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, டம்ளர் தூக்குற கைக்குக் கத்தியக் குடுக்கச் சொல்றியே! இத இனிமே மாத்தவும் முடியாது, கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு."

நான் அதற்குள் பையில் ரப்பரைத் தேட ஆரம்பித்திருந்தேன். ஆனால் அப்பா படிவத்தின் நகலை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், அத்தை. அன்றைக்கு மாலை வீட்டுக்கு வந்ததும் இடது கையால் வாயைக் காட்டிக் கன்னத்தை உப்பி உப்பி ஊதிக் காட்டினார். நான் ஏதோ மூச்சுத் திணறுகிறது என்று அலறி மாடியிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டுவிட்டேன். ஓடி வந்தவர்களில் அப்பாவின் பழைய வாடிக்கையாளர் ஒருவர் விளக்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. பலூன்! சலூன் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் பலூனை ஊதி, அதில் சோப்பு நுரையைத் தடவி, அது வெடிக்காமல் கத்தியால் வழித்தெடுக்கத்தான் கற்றுக் கொடுப்பார்களாம். அப்பாவும் சின்ன வயதில் அப்படித்தான் பழகினாராம். உங்களுக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியாது.

பலூன் வெடித்தால் எனக்கு எவ்வளவு பயம் என்று உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட நான் தினமும் அம்மா வேலைக்குப் போன பிறகு காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் பலூனை இடுக்கிப் பிடிப்பேன். அப்பா நுரையைத் தடவிக் கத்தியை வைப்பார். டப்! முதல் நாள் வாங்கி வைத்திருந்த அத்தனையும் போயிற்று. சுவரெல்லாம் நுரை, கூரையில் நுரை, என் புருவத்தில் நுரை. கடைக்கார அம்மா, "உங்க வீட்ல என்ன தினமும் யாருக்காவது பிறந்தநாளா?" என்று கேட்டார். கீழ்வீட்டுக்காரர் வந்து, "மேல என்ன சத்தம், யாரையாவது சுடுறீங்களா?" என்று கேட்டார். அப்பா கதவருகில் போய் அவருடைய முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்கு நான்கு நாள் தாடி. அப்பா இடது கையால் அவருடைய மோவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பி, "தலையக் குனிங்க" என்றார். கையில் கத்தி. அதற்குப் பிறகு அவர் சத்தம் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, மாடிப்படியில் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்கிறார்.

ஐந்தாவது வாரம் ஒரு பலூன் முழுசாகப் பிழைத்தது. மஞ்சள் பலூன். நுரை ஒரு பொட்டுகூட இல்லாமல் சுத்தமாக மழித்து, அப்பா துண்டால் ஒற்றியெடுத்தார். கொஞ்சம் பவுடர்கூடப் போட்டுவிட்டார், அத்தை. நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பலூனைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். பேச்சும் அதோடு கொஞ்சம் கொஞ்சமாக வர ஆரம்பித்தது. என் பெயரைச் சொன்னார். தண்ணீர் கேட்டார். தெரபிஸ்ட் அக்கா சொன்னார், கை எந்த வேலையை விரும்புகிறதோ அந்த வேலையைக் கொடுத்தால் மூளை கூடவே ஓடி வருமாம். "இன்னும் ஒரு பன்னெண்டு வாரம் கிடைச்சா போதும், உங்கப்பாவ கடையில உக்கார வெச்சிடுவேன்"ன்னு சொன்னார்.

சிக்கலே அந்தப் பன்னிரண்டு வாரம்தான். அதை முழங்கால் மாமாதான் எனக்கு விளக்கினார். மதிப்பீட்டுக்கு முந்தைய நாள், கதவுக்கு வெளியே பெஞ்சில்.

"பாப்பா, நாளைக்கு உங்கப்பா சவரமே பண்ண முடியாமப் போனா என்ன எழுதுவாங்க தெரியுமா? 'பயனில்லை'ன்னு எழுதி நிறுத்திடுவாங்க."

"அப்ப நல்லா பண்ணிட்டா?"

"நல்லா பண்ணிட்டா 'தேவையில்லை'ன்னு எழுதி நிறுத்திடுவாங்க. நான் அப்படித்தான் மாட்டினேன். இலக்கு மூணு படி ஏறுறது. எனக்கு ரோஷம். பல்லக் கடிச்சுக்கிட்டு மூணு படி ஏறிக் காட்டினேன். 'வாழ்த்துக்கள், குணமாயிட்டீங்க'ன்னு கையக் குலுக்கி அனுப்பிட்டாங்க. என் வீடு மூணாவது மாடி!"

"அப்ப யாருக்குத்தான் மாமா குடுப்பாங்க?"

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு கட்டம் இருக்கு. 'பகுதி முன்னேற்றம்'. அதுல டிக் விழுந்தாத்தான் இன்னொரு பன்னெண்டு வாரம். அதுல விழறதுக்குத் தனி சாமர்த்தியம் வேணும்."

அங்கேதான் அத்தை நான் குற்றவாளி ஆனேன். திரும்பி வரும் பஸ்ஸில் அப்பாவின் காதோடு காதாக, "அப்பா, நாளைக்கு மூக்கு வரைக்கும் பண்ணுங்க. ஒரு பக்கம். பாதி முகத்தோட நிறுத்திடுங்க"ன்னு சொன்னேன். அப்பா என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி "ம்" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். சதித்திட்டம் என்று நீங்கள் தட்டச்சு செய்வீர்களே, அது இதுதான் என்று நினைக்கிறேன்.

நேற்று மதிப்பீடு. உயிருள்ள மனிதருக்குத்தான் சவரம் செய்துகாட்ட வேண்டும், பலூன் செல்லாது என்று விதி. முழங்கால் மாமா முகம் தருவதாக ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நேற்று வந்தார், முகம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. "அடடா, காலையில ஞாபகமில்லாம நானே வழிச்சிட்டேனே" என்று கன்னத்தைத் தடவிக்கொண்டார். அவர் கண்ணில் பயம் தெரிந்தது. எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. பயம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா?

மதிப்பீட்டு அலுவலர் வந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. சீர்திருத்தம் வந்ததிலிருந்து ஆறு மருத்துவமனைகளுக்கு அவர் ஒருவர்தானாம். கையில் இவ்வளவு உயரத்துக்குக் கோப்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு, முகத்தில் பதினோரு நாள் தாடி. அப்பா அந்தத் தாடியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏழு மாதம் பட்டினி கிடந்தவர் இலையைப் பார்க்கிற மாதிரி.

"அந்த அடுத்த ஆளு யாரு? கூப்பிடுங்க" என்றார் அலுவலர்.

"ஆளு இல்ல சார்" என்றார் தெரபிஸ்ட் அக்கா.

"ஆளில்லன்னா செய்துகாட்டலன்னு அர்த்தம். 'பயனில்லை'ன்னு போடணும்."

அப்பா எழுந்தார், அத்தை. காலை இழுத்துக்கொண்டே போய், ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டார். துண்டை எடுத்து ஒரு உதறு உதறினார். படார் என்று சத்தம். அலுவலரை நேராகப் பார்த்துச் சொன்னார்: "அடுத்த ஆளு."

அலுவலர் கோப்பைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தாடியைத் தடவினார். "இதுக்காகத் திரும்ப ஒருநாள் வர என்னால முடியாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார்! தெரபிஸ்ட் அக்கா பஞ்சும் மருந்துமாக ஓடிவந்து பக்கத்தில் நின்றார். அலுவலர் அதைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். "ஆடாதீங்க" என்றார் அப்பா. ஆடவில்லை.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு பழக்கத்தில் காதையும் பொத்திக்கொண்டேன். டப் என்று எதுவும் கேட்காததால் மெதுவாகத் திறந்து பார்த்தேன். அப்பாவின் இடது கை மோவாயைத் தாங்கியிருக்கிறது. வலது கை காதோரத்தில் ஆரம்பித்துக் கன்னம் வழியாகக் கீழே இறங்குகிறது. சர், சர் என்று அந்தச் சத்தம், நான் பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம், ஏழு மாதமாகக் கேட்காத சத்தம். தாடை வளைவில் கத்தி சாய்ந்து திரும்பியது. தொண்டைக் குழி வந்தபோது முழங்கால் மாமா கதவுக்கு வெளியே தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். அங்கேயும் ஒரு கீறல் இல்லை. மேலுதட்டில் பாதி. மோவாயில் பாதி. மூக்குக்கு நேராகக் கோடு போட்ட மாதிரி வந்து கை நின்றது. அப்பா கையைப் பார்த்தார். இரண்டு தடவை தூக்கப் பார்த்தார், அது அப்படியே நடுங்கிக்கொண்டு நின்றது. கத்தியை மெதுவாகத் தட்டில் வைத்தார். அவர் கண்ணில் தண்ணீர்கூட வந்தது, அத்தை! என்ன நடிப்பு! எனக்கே ஒரு கணம் நிஜம் என்று தோன்றிவிட்டது.

அலுவலர் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். ஒரு பக்கம் கல்யாண மாப்பிள்ளை, இன்னொரு பக்கம் காட்டில் வழி தவறியவர். வழித்த கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். "ஒரு வெட்டுகூட இல்லையே" என்றார். பிறகு, "மீதி?" என்றார்.

அப்பா வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. தெரபிஸ்ட் அக்கா, "மெதுவா, மெதுவா" என்றார். வந்தது. "கடை... மூடியாச்சு. மீதி... அடுத்த தடவ." அவர் பழக்கத்தில் சொல்கிற மூன்றில் இது இல்லை, அத்தை! இதைத் தானே யோசித்துச் சொன்னார்! தெரபிஸ்ட் அக்கா அலாரக் கடிகாரத்தைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார். முழங்கால் மாமா கதவைத் திறந்துகொண்டு உள்ளேயே வந்துவிட்டார்.

"நீங்களாவது முடிச்சு விடுங்கம்மா" என்று அலுவலர் அக்காவிடம் கெஞ்சினார்.

"நோயாளிதான் செய்யணும்னு விதி சார். நான் கை வெச்சா மதிப்பீடு செல்லாது."

"அப்ப நான் இப்படியேவா பஸ்ல போறது?"

"ஜன்னலோரமா உக்காருங்க சார்" என்றார் முழங்கால் மாமா. "தாடி இருக்குற பக்கம் ரோட்டப் பாக்கட்டும்."

அலுவலர் கைக்குட்டையால் ஒரு பக்கத்தை மூடிக்கொண்டே எழுதினார். 'பகுதி முன்னேற்றம்' என்ற கட்டத்தில் டிக்! பன்னிரண்டு வாரம்! அதோடு விட்டாரா? 'பாதியில் தசை களைத்துவிடுகிறது, எனவே வாரம் இரண்டு நாள், தனியாக, நாற்பது நிமிடம்' என்று பரிந்துரையும் எழுதி, அதற்கு நேராக முத்திரையும் குத்தினார். அந்தச் சூட்டோடு சூடாக முழங்கால் மாமா தன் தாளை நீட்ட, சீக்கிரம் வெளியே போனால் போதும் என்று அதிலும் 'மறுமதிப்பீடு செய்க' என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். நாங்கள் வீட்டுக்கு வந்தது ஊர்வலம் மாதிரி இருந்தது. முழங்கால் மாமா பஸ் நிறுத்தம் வரை நொண்டிக்கொண்டே கூட வந்தார். அம்மா தாளை நான்கு தடவை படித்துவிட்டு, கம்பெனியிலிருந்து உடைந்த பிஸ்கட் ஒரு பை நிறையக் கொண்டுவந்து மாடி முழுக்கக் கொடுத்தார். கீழ்வீட்டுக்காரர் இரண்டு எடுத்துக்கொண்டார்.

எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். நான் மட்டும் என் பங்குப் பிஸ்கட்டைத் தொடவில்லை. முழுசாகச் செய்யக்கூடிய கையை நான்தான் பாதியில் நிறுத்தச் சொன்னேன். அரசாங்க முத்திரை ஒரு பொய்யின் மேல் குத்தப்பட்டிருக்கிறது. அந்த அலுவலர் நல்லவர் மாதிரி வேறு இருந்தார். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், இதை வேண்டுமானால் வாக்குமூலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்: திரும்ப அந்த பஸ்ஸில் உட்கார வைத்தால், திரும்பவும் அதையேதான் சொல்வேன். பயந்துகொண்டேதான் சொல்வேன், ஆனால் சொல்வேன்.

தண்டனை விவரத்தை என் பள்ளி முகவரிக்கு எழுதவும். மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் முதுகுக்கு விரைவில் நல்ல காலம் பிறக்கட்டும், அதற்கும் காப்பீட்டில் படிவம் கொடுத்தால் இலக்கைச் சின்னதாகவும் இல்லாமல் பெரியதாகவும் இல்லாமல் பார்த்து எழுதவும்.

தங்கள் அன்பையும் ஜாமீனையும் எதிர்பார்க்கும்,
தம்பி மகள்

பின்குறிப்பு: அக்கா, இது நான், உன் தம்பி. இவள் மேசையிலேயே தூங்கிவிட்டாள். சட்டையை விளக்கிலிருந்து எடுத்துவிட்டேன், காலர் போய்விட்டது. கடிதத்தைப் படித்தேன். இவள் பேச்சை நான் கேட்கவே இல்லை. என் நாற்காலியிலிருந்து பாதி முகத்தோடு ஒருவரை இதுவரை அனுப்பியதில்லை. முழுசாக முடிக்கத்தான் கத்தியை எடுத்தேன். கை நின்றுவிட்டது. அலுவலர் எழுதியதெல்லாம் நிஜம். குற்றம் எதுவும் இல்லை என்று மட்டும் இவளுக்கு எழுதிவிடு. கை நின்றதைச் சொல்லாதே, அப்பா நன்றாக நடித்தார் என்றே இருக்கட்டும். இதை வலது கையால்தான் எழுதுகிறேன், இத்தனை வரிக்கு ஒரு மணி நேரம். படித்ததும் கிழித்துப் போடு. காப்பீட்டு ஆபீசில் யார் கண்ணிலாவது பட்டால், குணமாகிவிட்டது என்று நிறுத்திவிடுவார்கள்.